ஒரு மீட்டர் துணியில் ஒரு ஜெர்கின்

மார்கழி மாதம். பெங்களூர் ஸ்ரீராமபுரம். காலை ஆறு மணி. தெருவில் பனி இறங்கியிருக்கிறது. குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள்.

ஒரு வீட்டில் எட்டு வயதுச் சிறுமி பள்ளிக்குப் புறப்படுகிறாள். அவளுடைய பழைய ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டது. கை முழங்கைக்கு மேலே ஏறி நிற்கிறது.

"அம்மா, நீ கம்பெனியில ஜெர்கின்தானே தைக்கிறே? எனக்கு ஒண்ணு தைச்சுக் குடேன்" என்றாள் மகள்.

அம்மா பதில் சொல்லவில்லை. மைசூர் ரோடு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவள் வேலை செய்கிறாள். பதினோரு வருடமாக ஜெர்கின் தைக்கிறாள். ஆனால் அவள் தைப்பது ஜெர்கினின் கையை மட்டும்தான். உடம்போடு கையைச் சேர்த்துத் தைப்பாள். அடுத்த துண்டை எடுப்பாள். மறுபடியும் கை. மறுபடியும் கை. ஒரு முழு ஜெர்கினை அவள் தைத்ததே இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு அத்தை இருக்கிறார். முன்பு தையல் கடை வைத்திருந்தவர். அன்று மாலை அவரிடம் போனாள்.

"அத்தை, எனக்குக் கை வைக்கத்தான் தெரியும். மீதி தெரியாது. துணியை வெட்டப் பயமா இருக்கு. வெட்டிட்டா திரும்புமா?"

"துணியை வெட்டினாத்தானே திரும்பாது? முதல்ல காகிதத்தை வெட்டு. காகிதம் தப்பாப் போனா இன்னொரு காகிதம். அதுதான் பேட்டர்ன்" என்றார் அத்தை.

அத்தை சொன்ன வழி இதுதான்.

கம்பெனியில் ஒரு கை, வீட்டில் முழு உடுப்பு

பெங்களூரில் லட்சக்கணக்கான பேர் கார்மெண்ட்ஸ் வேலை செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பீன்யா, மைசூர் ரோடு, பொம்மனஹள்ளி, ஓசூர் ரோடு ஆகிய இடங்களில் கம்பெனிகள் நிறைய உண்டு. அங்கே ஒரு உடுப்பைப் பல வேலைகளாகப் பிரித்துவிடுவார்கள். ஒருவர் தோள் தைப்பார். ஒருவர் காலர் வைப்பார். ஒருவர் ஜிப் வைப்பார். இப்படிப் பிரித்தால் வேகம் கூடும். ஆனால் முழு உடுப்பு எப்படி உருவாகிறது என்பது தைப்பவருக்கே தெரியாமல் போகும்.

இந்தப் பெண்கள் கூடிப் பேசினால் நாடே கேட்கும். 2016-ஆம் ஆண்டு அப்படித்தான் நடந்தது. பி.எஃப். பணத்தில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று ஒரு விதி வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். 19-ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

தன் பணத்தின் கணக்கைத் தெரிந்துகொள்வது ஒரு பலம். தன் வேலையை முழுதாகத் தெரிந்துகொள்வதும் ஒரு பலம்தான்.

நெய்த துணி, பின்னிய துணி

துணியில் இரண்டு வகை உண்டு. ஒன்று நெய்த துணி. மற்றொன்று பின்னிய துணி.

வேட்டியும் புடவையும் நெய்த துணி. நீளவாக்கில் ஒரு நூல். குறுக்குவாக்கில் ஒரு நூல். இரண்டும் மேலும் கீழுமாக மாறி மாறிப் போகும். இழுத்தால் அதிகம் நீளாது.

பனியன் பின்னிய துணி. அதில் நூல் வளையம் வளையமாக ஓடும். ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம் கோத்திருக்கும். இழுத்தால் வளையம் விரியும். விட்டால் பழையபடி சுருங்கும். அதனால்தான் பனியன் உடம்போடு ஒட்டி நிற்கிறது. ஒரு பழைய பனியனை வெயிலில் பிடித்துப் பார்த்தால் இந்த வளையங்கள் கண்ணுக்குத் தெரியும்.

முன்பு பின்னல் வேலை கையால்தான் நடந்தது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். இன்று தமிழ்நாட்டில் பின்னல் துணி என்றால் திருப்பூர்தான். நாட்டின் பெரிய பனியன் ஊர் அது.

ஜெர்கினுக்கு மெல்லிய பனியன் துணி போதாது. தடித்த பின்னல் துணி வேண்டும். கடையில் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஒன்று லூப்நிட். இதன் உள்பக்கம் துண்டு போலச் சின்னச் சின்ன வளையமாக இருக்கும். மற்றொன்று பிளீஸ். இதன் உள்பக்கத்தைச் சுரண்டிப் பஞ்சு போல ஆக்கியிருப்பார்கள். பஞ்சுக்குள் காற்று தங்கும். அந்தக் காற்று உடம்புச் சூட்டை வெளியே விடாது. அதனால் பிளீஸ் துணி கதகதப்பாக இருக்கும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் குளிர். 1884 ஜனவரியில் இங்கே குளிர் 7.8 டிகிரி வரை இறங்கியது. இந்த ஊருக்கு பிளீஸ் ஜெர்கின் ஏற்றது.

வாங்க வேண்டியவை

எட்டு வயதுப் பிள்ளையின் ஜெர்கினுக்கு இவை வேண்டும்:

பிளீஸ் துணி 1 மீட்டர் (அகலம் 60 அங்குலம்).
ரிப் துணி 30 சென்டிமீட்டர். இது நன்றாக இழுபடும் துணி. கைமுனை, இடுப்பு, காலர் ஆகியவற்றுக்கு இது வேண்டும்.
18 அங்குல நைலான் ஜிப் ஒன்று. அடியில் இரண்டாகப் பிரியும் ஓப்பன் ஜிப்பாக இருக்க வேண்டும். பேண்ட் ஜிப் உதவாது.
துணியின் நிறத்தில் பாலியஸ்டர் நூல்.
பால்பாயிண்ட் ஊசி, 14-ஆம் நம்பர்.

பின்னல் துணியைச் சில கடைகளில் மீட்டர் கணக்கில் விற்பார்கள். சில கடைகளில் கிலோ கணக்கில் விற்பார்கள். கிலோ கணக்கு தெரியாவிட்டால் கடையில் தடுமாற வேண்டிவரும். அதற்கு ஜி.எஸ்.எம். என்ற எண் உதவும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள துணி எத்தனை கிராம் இருக்கும் என்பதே ஜி.எஸ்.எம். எண் கூடினால் துணி தடிப்பு.

300 ஜி.எஸ்.எம். பிளீஸ் என்று வைத்துக்கொள்வோம். 60 அங்குல அகலம் என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஆகவே 1 மீட்டர் நீளத் துணியின் எடை 300 + 150 = 450 கிராம். ஒரு கிலோ வாங்கினால் இரண்டு ஜெர்கின் தைக்கலாம். சிக்பேட்டையிலோ சிவாஜிநகரிலோ துணி வாங்கும்போது இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஏமாற வேண்டியதில்லை.

ஊசி ஏன் முக்கியம்? சாதாரண ஊசியின் முனை கூர்மையானது. அது பின்னல் வளையத்தை அறுத்துவிடும். ஒரு வளையம் அறுந்தால் ஓட்டை விழும். துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும். பால்பாயிண்ட் ஊசியின் முனை சற்று உருண்டை. அது வளையத்தை அறுக்காது. வளையத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போகும்.

முதலில் துவை, பிறகு வெட்டு

பருத்தி கலந்த பின்னல் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் பிள்ளைக்குப் பத்தாது. எனவே வெட்டும் முன்பே துணியை ஒரு முறை துவைக்க வேண்டும். பிழியும்போது முறுக்கக் கூடாது. கொடியில் தொங்கவிடவும் கூடாது. ஈரத்தின் எடையால் துணி நீண்டுவிடும். பாயில் விரித்துக் காயப்போட வேண்டும்.

காய்ந்த துணியை ஓர் இரவு அப்படியே விரித்து வைக்க வேண்டும். கடையில் துணியைச் சுருட்டி இழுத்து வைத்திருப்பார்கள். அந்த இழுப்பு போக நேரம் வேண்டும்.

அளவு எடுத்தல்

இன்ச் டேப்பில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் உள்ளே 8 சிறு பங்குகள் இருக்கும். 2 பங்கு என்றால் கால் அங்குலம். 4 பங்கு என்றால் அரை. 6 பங்கு என்றால் முக்கால். இது தெரிந்தால் போதும்.

அத்தை சிறுமியை நேராக நிற்கச் சொன்னார். தாய் டேப்பை வைத்தாள். அளவைத் தன் கையாலேயே நோட்டில் எழுதினாள்.

மார்பைச் சுற்றி: 26 அங்குலம்.
ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை: 12 அங்குலம்.
கழுத்தடியிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை: 18 அங்குலம்.
தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை: 17 அங்குலம்.

மார்பளவு 26. அதே அளவில் தைத்தால் உள்ளே சட்டை போட முடியாது. கையைத் தூக்க முடியாது. ஜெர்கினுக்கு 6 அங்குலம் லூஸ் வேண்டும். 26 + 6 = 32. இதை நான்காகப் பிரித்தால் 8. இந்த 8-தான் பேட்டர்னின் முக்கியமான எண்.

தோள் 12. அதில் பாதி 6. அரை அங்குலம் கூட்டினால் 6½.

கை எவ்வளவு ஆழத்தில் ஆரம்பிக்க வேண்டும்? மார்பளவில் கால் பங்கு 6½. ஒரு அங்குலம் கூட்டினால் 7½.

நீளம் 18. அடியில் 2 அங்குலம் ரிப் வரும். எனவே காகிதத்தில் 16 போதும்.

செய்தித்தாளில் பேட்டர்ன்

பழைய செய்தித்தாள், ஸ்கேல், பென்சில் ஆகியவை போதும். புள்ளிகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைக்கலாம்.

முதலில் பின்பாகம். அதில் பாதியை மட்டும் வரைந்தால் போதும்.

1. காகிதத்தின் இடது மேல் மூலையில் ஒரு புள்ளி. அது அ.
2. அ-விலிருந்து நேர் கீழே 16 அங்குலம். அது ஆ. இரண்டையும் கோட்டால் சேர்க்க வேண்டும்.
3. அ-விலிருந்து கீழே 7½ அங்குலம். அது இ.
4. அ-விலிருந்து வலப்பக்கம் 2¾ அங்குலம். அது ஈ. இது கழுத்து அகலம்.
5. அ-விலிருந்து வலப்பக்கம் 6½ அங்குலம் போய், அங்கிருந்து 1 அங்குலம் கீழே இறங்க வேண்டும். அது உ. இது தோள் முனை. ஈ, உ இரண்டையும் சேர்த்தால் தோள் கோடு.
6. இ-யிலிருந்து வலப்பக்கம் 8 அங்குலம். அது ஊ.
7. ஊ-விலிருந்து நேர் கீழே இறங்கி, ஆ-வுக்கு நேராக வரும் இடம் எ. ஆ-விலிருந்து எ வரை 8 அங்குலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடு சாய்ந்துவிட்டது என்று பொருள்.
8. உ-விலிருந்து ஊ வரை வளைவாக வரைய வேண்டும். முதலில் ஏறக்குறைய நேராக இறங்கி, கடைசியில் வெளியே வளைய வேண்டும். இது கைக்குழி.
9. அ-விலிருந்து கீழே ¾ அங்குலத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து ஈ வரை ஒரு வளைவு. இது பின் கழுத்து.

முன்பாகமும் இதே போலத்தான். இரண்டே மாற்றம். கழுத்து ¾ அங்குலத்துக்குப் பதில் 2½ அங்குலம் இறங்கும். கைக்குழியைக் கால் அங்குலம் உள்ளே தள்ளி வளைக்க வேண்டும். ஏனென்றால் கை முன்பக்கம்தான் அதிகம் அசையும்.

அடுத்தது கை. காகிதத்தை இரண்டாக மடிக்க வேண்டும். மடிப்பின் மேல் முனையிலிருந்து கீழே 15 அங்குலம் அளக்க வேண்டும். மொத்த நீளம் 17. கைமுனை ரிப் 2. மீதி 15. மேலிருந்து 3½ அங்குலம் இறங்கி, வலப்பக்கம் 6 அங்குலம் போக வேண்டும். அங்கிருந்து மேல் முனைக்கு ஒரு வளைவு. அடியில் அகலம் 4 அங்குலம். பக்கக் கோட்டைச் சேர்த்தால் கை முடிந்தது.

இப்போது ஒரு சோதனை. டேப்பை ஓரமாக நிறுத்தி முன்பாகக் கைக்குழியை அளக்க வேண்டும். பின்பாகக் கைக்குழியையும் அளக்க வேண்டும். ஒவ்வொன்றும் 7 அங்குலத்தை ஒட்டி வரும். கையின் வளைவும் ஒரு பக்கத்துக்கு அதே அளவு வர வேண்டும். கால் அங்குலம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. பின்னல் துணி இழுத்துக் கொடுக்கும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் கையின் அகலத்தைக் கூட்டியோ குறைத்தோ திருத்த வேண்டும்.

காகிதம் வெட்டியதும் அத்தை ஒரு வேலை செய்தார். துண்டுகளைக் குண்டூசியால் சேர்த்துச் சிறுமியின் மேல் வைத்துப் பார்த்தார். சிறுமி சிரித்தாள். "பேப்பர் சட்டை" என்றாள். தாய் சிரிக்கவில்லை. கைக்குழியையே பார்த்தாள்.

"தினமும் இந்த வளைவைத்தான் தைக்கிறேன் அத்தை. இது ஏழரைன்னு எங்கிருந்து வந்ததுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

பேட்டர்ன் என்பது ஒரு காலத்தில் தையல்காரரின் ரகசியமாக இருந்தது. 1863-இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் பல அளவுகளில் காகித பேட்டர்ன் செய்து விற்றார். வீட்டிலுள்ள பெண்கள் அதை வாங்கித் தாங்களே தைத்துக்கொண்டார்கள். இன்று செல்போனிலும் பேட்டர்ன் கிடைக்கிறது. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். எந்த பேட்டர்னையும் புரிந்துகொள்ளலாம்.

துணி வெட்டுதல்

துணியைத் தரையில் விரிக்க வேண்டும். மேஜையிலிருந்து துணி தொங்கினால் இழுபட்டு அளவு மாறும்.

துணியைக் கைகளால் இழுத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் அதிகம் நீள்கிறதோ, அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். மேலும் கீழுமாக நீண்டால் ஜெர்கின் தொங்கிப்போகும்.

பிளீஸ் துணியின் உள்பக்கப் பஞ்சைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தடவினால் படியும். மறுபக்கம் தடவினால் எழும்பும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

பேட்டர்னை வைத்துச் சுற்றிலும் அரை அங்குலம் தள்ளி சாக்பீஸால் கோடு போட வேண்டும். இந்த அரை அங்குலம் தையலுக்கு. இதை மறந்தால் ஜெர்கின் இறுகிப்போகும்.

பின்பாகம் 1. இதற்குத் துணியை மடித்து, அ–ஆ கோட்டை மடிப்பின் மேல் வைக்க வேண்டும். மடிப்பில் வெட்டக் கூடாது. அங்கே தையலுக்கும் விட வேண்டாம்.
முன்பாகம் 2. ஒன்று வலம், ஒன்று இடம்.
கை 2. ஒன்று வலம், ஒன்று இடம்.
பாக்கெட் 2. அகலம் 5, உயரம் 5½.

புதிதாகத் தைப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு முன்பாகத்தை வெட்டிவிட்டு, பேட்டர்னைத் திருப்பாமல் இன்னொன்றையும் வெட்டிவிடுவார்கள். இரண்டும் வலப்பக்கமாக அமைந்துவிடும். ஒன்றை வெட்டியதும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்து மற்றதை வெட்ட வேண்டும்.

ரிப் துணியில் நான்கு பட்டைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் உயரம் 5 அங்குலம். இடுப்புப் பட்டை நீளம் 27. காலர் நீளம் 13. கைமுனை நீளம் 7, இரண்டு.

உடம்பின் அடிச்சுற்று 32 அங்குலம். ஆனால் இடுப்புப் பட்டை 27-தான். தையல் போனால் 26. ஏன் குறைவு? பட்டையை இழுத்துத் தைக்க வேண்டும். தைத்து முடித்ததும் அது சுருங்கி இடுப்பைப் பிடிக்கும். காற்று உள்ளே போகாது.

இத்தனையும் தெரிந்த பிறகும் கத்தரிக்கோலை எடுத்த தாயின் கை நடுங்கியது. அது ஒரு மீட்டர் புதுத் துணி. அத்தை பேசாமல் இருந்தார். தாய் இன்னொரு முறை டேப்பை வைத்து அளந்தாள். பிறகு வெட்டினாள்.

தைக்கும் முறை

முதலில் வெட்டில் மிஞ்சிய துண்டில் தைத்துப் பார்க்க வேண்டும். தைத்த இடத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். துணி நீளும், நூல் நீளாது. அதனால் நூல் 'படக்' என்று அறுந்துவிடும். இதற்கு வழி உண்டு. மெஷினில் ஜிக்ஜாக் தையல் இருந்தால் அதைக் குறுகலாக வைத்துத் தைக்கலாம். வளைந்து போகும் தையல் துணியோடு சேர்ந்து நீளும். நேர்த் தையல் மட்டும் போடும் மெஷினாக இருந்தால், துணியைக் கொஞ்சமாகப் பிடித்து இழுத்தபடி தைக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு தையலும் போட வேண்டும். மெஷினின் பாதம் துணியை அழுத்தும் அழுத்தத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

1. பாக்கெட்டின் ஓரங்களை மடித்து முன்பாகங்களின் மேல் வைத்துத் தைக்க வேண்டும்.

2. தோள்களைச் சேர்க்க வேண்டும். தோளில்தான் உடுப்பின் எடை முழுவதும் தொங்கும். அங்கே துணி நீளாமல் இருக்க மெல்லிய பருத்தி நாடாவை வைத்துச் சேர்த்துத் தைப்பது நல்லது.

3. கைகளை வைக்க வேண்டும். கையின் நடு முனை தோள் தையலில் பொருந்த வேண்டும். அங்கே ஒரு குண்டூசி. இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு குண்டூசி. பிறகு தைக்க வேண்டும்.

இந்த இடம் வந்ததும் அத்தை எழுந்து தள்ளி உட்கார்ந்தார். இதைத் தாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குண்டூசிகூட வைக்காமல் இரண்டு கைகளையும் தைத்து முடித்தாள்.

"நான் இவ்வளவு வருஷம் தைச்சிருக்கேன். இப்படி ஒரு கை வைக்க எனக்கு வராது" என்றார் அத்தை.

4. பக்கங்களைச் சேர்க்க வேண்டும். கைமுனையில் ஆரம்பித்து, அக்குள் வழியாக, அடி வரை ஒரே தையல்.

5. கைமுனை ரிப்பை வளையமாகத் தைத்து, இரண்டாக மடிக்க வேண்டும். ரிப் வளையத்தை நான்கு பங்காக்கிக் குறி வைக்க வேண்டும். கையின் அடியையும் நான்கு பங்காக்க வேண்டும். குறிக்குக் குறி சேர்த்து, ரிப்பை மட்டும் இழுத்துத் தைக்க வேண்டும். துணியை இழுக்கக் கூடாது.

6. இடுப்புப் பட்டையையும் இதே போல நான்கு பங்காக்க வேண்டும். ஆனால் இப்போது மடிக்கக் கூடாது. அதன் ஒரு ஓரத்தை மட்டும் உடம்பின் அடியில் தைக்க வேண்டும். காலரின் ஒரு ஓரத்தை மட்டும் கழுத்தில் தைக்க வேண்டும். மறு ஓரங்கள் ஜிப் வைத்த பிறகுதான்.

ஜிப் வைத்தல்

ஜெர்கினில் கஷ்டமான இடம் இதுதான். ஜிப் நீளாது. பின்னல் துணி நீளும். தைக்கும்போது துணி இழுபட்டால், ஜிப் பாம்பு போல வளைந்து நெளியும்.

தாய்க்கும் அப்படித்தான் ஆனது. முதல் பக்கம் தைத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தாள். முன்பக்கம் அலை அலையாக நின்றது. அவள் முகம் வாடியது.

"பிரிச்சிடு. தையலைப் பிரிக்காத தையல்காரி யாரு?" என்றார் அத்தை.

பிறகு அத்தை முறையைச் சொன்னார். முன்பாகத்தின் ஓரத்தில், உள்பக்கமாக, ஒரு அங்குல அகலத்துக்கு ஒட்டும் கேன்வாஸ் வைத்துத் தேய்க்க வேண்டும். அயர்ன் பாக்ஸ் நேராகத் துணியில் படக் கூடாது. பிளீஸில் பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிவிடும். மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டுத் தேய்க்க வேண்டும். கேன்வாஸ் ஒட்டிய ஓரம் நீளாது.

அடுத்து, இடுப்புப் பட்டையின் நடுவிலும் காலரின் நடுவிலும் மடிப்பு வரும் இடத்தைக் குறிக்க வேண்டும். ஜிப்பின் அடிமுனை பட்டை மடிப்பில் இருக்க வேண்டும். மேல்முனை காலர் மடிப்பில் இருக்க வேண்டும். இந்த நீளம் 17½ அங்குலம். மேலே அரை அங்குலம் மிஞ்சும். அதை வெட்டும் முன் ஜிப்பின் ஓட்டியைக் கீழே இறக்கிவிட வேண்டும். வெட்டிய முனைகளில் ஊசி நூலால் நான்கைந்து முறை சுற்றித் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டி கழன்று கையோடு வந்துவிடும்.

ஜிப்பைப் பிரித்து, ஒரு பாதியை முன்பாகத்தின் வெளிப்பக்கத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். குண்டூசி போதாது. கையால் நீளமாக இழையோட்ட வேண்டும். அதன் பிறகே மெஷினில் தைக்க வேண்டும். மெஷினுக்கு ஜிப் வைக்கும் ஒற்றைப் பாதம் போட்டுக்கொண்டால் பல்லுக்கு அருகில் தைக்க முடியும்.

மறு பாதியைத் தைக்கும் முன் ஜிப்பைப் பூட்ட வேண்டும். பட்டையின் தையல், கழுத்துத் தையல் ஆகியவை எங்கே வருகின்றன என்று ஜிப் நாடாவில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்படி மறுபக்கம் வைத்தால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்.

கடைசியாக, காலரை வெளிப்பக்கமாக மடித்து, ஜிப் ஓரத்தில் முனையைத் தைத்து, உள்ளே திருப்ப வேண்டும். ஜிப்பின் முனை உள்ளே மறைந்துவிடும். உள் ஓரத்தைக் கழுத்துத் தையலின் மேல் வைத்துத் தைக்க வேண்டும். இடுப்புப் பட்டையும் இதே போலத்தான். ஜிப் ஓரத்தை மடக்கி, வெளிப்பக்கம் ஒரு தையல் போட்டால் வேலை முடிந்தது.

பின்னல் துணி நெய்த துணி போல அதிகம் பிசிராது. ஆனாலும் உள் ஓரங்களை ஓவர்லாக் செய்தால் பல நாள் உழைக்கும். வீட்டில் அந்த மெஷின் இல்லாவிட்டால் ஜிக்ஜாக் போடலாம். தையல் கடையில் கொடுத்தும் போட்டுக்கொள்ளலாம்.

முழு ஜெர்கின்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒரு ஞாயிறு காகிதம். ஒரு ஞாயிறு வெட்டு. ஒரு ஞாயிறு தையல்.

திங்கள் காலை சிறுமி புது ஜெர்கின் போட்டுக்கொண்டாள். ஜிப்பை மேலே இழுத்தாள். கீழே இழுத்தாள். பாக்கெட்டில் கை விட்டாள். இடப்பக்கப் பாக்கெட் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அது தாயின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

தாய் நோட்டை மூடவில்லை. அளவுகளுக்குக் கீழே எழுதினாள்: "அடுத்த வருடம் — கை நீளம் 1 அங்குலம் கூட்ட வேண்டும். பாக்கெட் அளந்து வைக்க வேண்டும்." பேட்டர்ன் காகிதங்களைச் சுருட்டி நூலால் கட்டினாள். மேலே மகளின் பெயரையும் வயதையும் எழுதினாள்.

அன்று கம்பெனியில் அவள் முன்னால் பச்சை நிறக் கைகள் கட்டுக் கட்டாக வந்தன. ஒன்றை எடுத்தாள். வளைவைப் பார்த்தாள். இதற்கு முன்னால் யார் என்ன தைத்திருப்பார், இதற்குப் பின்னால் யார் என்ன தைப்பார் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

செய்து பார்ப்போம்

1. ஒரு பிள்ளையின் மார்பளவு 28 அங்குலம். 6 அங்குலம் லூஸ் சேர்த்தால் எவ்வளவு? அதை நான்காகப் பிரித்தால் எவ்வளவு?
2. 20 அங்குலம் குறித்து வைத்த துணி, துவைத்த பின் 19 அங்குலம் ஆனது. எவ்வளவு சுருங்கியது?
3. உங்கள் ஊரில் பிளீஸ் துணி ஒரு கிலோ என்ன விலை? 450 கிராமுக்கு எவ்வளவு ஆகும்? ரிப், ஜிப், நூல் விலையையும் சேர்த்து எழுதுங்கள். கடையில் விற்கும் ஜெர்கின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
4. வீட்டில் உள்ள ஒரு சட்டையைத் தரையில் விரியுங்கள். அதில் எத்தனை துண்டுகள் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள்.